எல்லை மாவட்டத்து விடுதி அறைகள்: முதலாண்டு மாணவர் யாருடன் தங்குவது?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான நாளிலிருந்து எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, கட்-ஆஃப் எவ்வளவு என்று வீடுகளில் வாரக்கணக்கில் ஆலோசனை நடக்கிறது. ஆனால் மாணவர் எங்கே தங்குவார், யாருடன் தங்குவார் என்ற கேள்வி மட்டும் சேர்க்கை நாள் வரை எழுவதே இல்லை. கல்லூரி அலுவலகத்தின் முன் சான்றிதழ்க் கோப்புடன் வரிசையில் நிற்கும்போது, கட்டண ரசீதுகளுக்கு நடுவே, அது போகிற போக்கில் முடிவாகிவிடுகிறது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த மாணவர் வகுப்பறையைவிடத் தங்குமிடத்திலேயே அதிக நேரம் இருக்கப்போகிறார் என்பதையும், அவருடைய பேச்சு, நட்பு, உணவு, உறக்கம் ஆகிய நான்கையும் தங்குமிடமே தீர்மானிக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறைக்குச் சற்றும் குறையாத அக்கறை இதற்கும் வேண்டும் என்பது விளங்கும்.

ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தில் இந்த அக்கறை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் ஒரு பக்கம் கர்நாடகத்தையும் மறுபக்கம் ஆந்திரத்தையும் தொட்டு நிற்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வீட்டு மொழிகளாக வழங்கும் இந்த மண்ணில், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு தமிழகத்தின் பிற மாவட்டத்தாரும், அண்மைக் காலத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலத்தாரும் வந்து சேர்ந்துள்ளனர். பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், காலையில் போய் இரவில் திரும்பும் வாழ்க்கை இங்கே பலருக்கு இயல்பாகிவிட்டது. இத்தனை வகை மனிதர் அருகருகே வாழும் ஓர் இடத்தில், அவர்கள் ஒருவரை ஒருவர் உண்மையாகவே அறிந்துகொள்ளும் களங்கள் மிகச் சில. அவற்றுள் கல்லூரி விடுதியே முதன்மையானது என்பதும், அந்த வாய்ப்பு நம் கண்முன்னே நழுவிக்கொண்டிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கலந்தாய்வு கலக்கிறது, அறை பிரிக்கிறது

பொறியியல் சேர்க்கைக்கு 1997 முதல் நடைமுறையில் உள்ள ஒற்றைச் சாளர முறை, அதாவது மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசைப் பட்டியலைக் கொண்டு கல்லூரி ஒதுக்கும் முறை, ஒரு பெரும் சமூகப் பணியை ஓசையின்றிச் செய்துவருகிறது. 1994இல் தொடங்கப்பட்ட பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியின் ஒரே வகுப்பில் தென்காசிப் பக்கத்து மாணவரும் அஞ்செட்டி மலையோரத்து மாணவரும் அமர்வதற்கு இம்முறையே காரணம். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் இக்கலப்பு மாநில எல்லையையும் கடக்கிறது; அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்வதால், தமிழே அறியாத மாணவரும் அங்கே வந்து சேர்கின்றனர். மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி போன்ற சிறப்புப் படிப்புகளுக்கும் மாணவர் தொலைவிலிருந்தே வருகின்றனர்.

கலந்தாய்வு இவ்வாறு கூட்டிக் கொடுப்பதை அறை ஒதுக்கீடு பெரும்பாலும் கலைத்துவிடுகிறது. சேர்க்கை நாளன்று பெற்றோர் விடுதிக் காப்பாளரிடம் வைக்கும் முதல் வேண்டுகோள், தம் பிள்ளையை ஊர்க்காரப் பையனோடு சேர்த்துப் போடவேண்டும் என்பதே. காப்பாளருக்கும் அது தலைவலி இல்லாத வழியாகப் படுகிறது. இதன் விளைவாக ஒரு தாழ்வாரத்தில் சேலத்து அறை, ஓசூர்த் தெலுங்கு அறை, திருப்பத்தூர் அறை என்று முதல் வாரத்திலேயே வரிசை அமைந்துவிடுகிறது. ஊர் என்பது நம் சமூகத்தில் பல சமயம் சாதியின் மறுபெயராகவே இயங்குகிறது என்பதால், ஊரால் அமையும் அறை சாதியால் அமையும் அறையாக மாறுவதற்கு அதிக காலம் தேவைப்படுவதில்லை.

விடுதி: ஒரு சமூக வரலாறு

தமிழகத்தில் விடுதி என்பது ஒருபோதும் வெறும் தங்குமிடமாக இருந்ததில்லை. சென்னைக்கு மேற்படிப்புக்காக வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் கிடைக்காத நிலையில், டாக்டர் சி. நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியைத் தொடங்கினார். படிக்க இடம் கிடைத்தும் படுக்க இடம் கிடைக்காமல் போனால் கல்வி கிடைக்காது என்ற எளிய உண்மையை அன்றைய நீதிக்கட்சி இயக்கம் அந்த விடுதியின் வழியாகவே உணர்த்தியது. 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது குறித்து எழுந்த போராட்டம் மாகாண அரசியலின் போக்கையே மாற்றியது. யார் யாருடன் அமர்ந்து உண்கிறார் என்பது எவ்வளவு ஆழமான கேள்வி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வட்டாரத்து மாணவர் எல்லை கடந்து படிக்கப் போனதும் புதிதல்ல. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்து, அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் இருந்த பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சட்டம் பயிலச் சென்னை சென்றார். மூன்று மொழிச் சூழல்களில் பழகிய கல்வி அது. அத்தகைய பழக்கத்தை அன்று சிலர் மட்டுமே பெற முடிந்தது. இன்று அரசு விடுதிகளும் கல்வி உதவித் திட்டங்களும் அதை ஆயிரக்கணக்கானோருக்கு எட்டும் தொலைவில் வைத்திருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேருவோரின் கல்விக் கட்டணத்துடன் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத் துறைகளின் விடுதிகள் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டன. அவற்றில் தங்கும் கல்லூரி மாணவருக்கான மாதாந்திர உணவுப்படி அதற்கு முன்பே 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் விடுதியை ஒதுக்கிவிடும் குடும்பங்கள் இவற்றைக் கேட்டறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மெஸ் கணக்கு கற்பிப்பது

விடுதியைப் பார்வையிடச் செல்வோர் அறையின் அகலத்தையும் கழிப்பறையின் தூய்மையையும் பார்த்துத் திரும்புகின்றனர். அவை தேவையானவையே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிக் குளிர் சமவெளி மாவட்டத்து மாணவரை வாட்டும் என்பதால், காலையில் வெந்நீர் எத்தனை மணி வரை கிடைக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு விடுதியின் உண்மையான தரத்தை அறிய வேண்டுமானால் அதன் மெஸ் எப்படி நடக்கிறது என்பதையே கேட்க வேண்டும்.

அரசுக் கல்லூரிகள் பலவற்றில் இன்றும் டிவைடிங் முறை வழக்கில் உள்ளது. ஒரு மாதத்தின் மொத்த உணவுச் செலவை, மாணவர்கள் உண்ட நாள்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒரு நாளைக்கு ஒருவருக்கு எவ்வளவு என்று கண்டு, அவரவர் இருந்த நாள்களுக்கு ஏற்பக் கட்டணம் வசூலிப்பதே இம்முறை. எடுத்துக்காட்டாக, 150 மாணவர் 30 நாள்களும் உண்டால் உண்ட நாள்கள் 4,500. மாதச் செலவு 4,05,000 ரூபாய் என்றால் ஒரு நாள் கட்டணம் 90 ரூபாய். அவர்களில் பலர் வாரந்தோறும் ஊருக்குப் போவதால் ஒருவர் உண்ணும் நாள்கள் சராசரியாக 24 ஆகக் குறைந்தால் உண்ட நாள்கள் 3,600 ஆகும். அரிசி, காய்கறிச் செலவு குறைந்தாலும் சமையலர் சம்பளமும் பிற நிலைச் செலவுகளும் குறையாததால் மொத்தச் செலவு 3,60,000 ரூபாய்க்குத்தான் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், நாள் கட்டணம் 100 ரூபாயாக ஏறிவிடும். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பிப் போகும் ஒவ்வொருவரின் செலவிலும் ஒரு பங்கு, ஊருக்குப் போக வசதியில்லாமல் விடுதியிலேயே தங்கும் மாணவரின் தலையில் விழுகிறது.

இக்கணக்கை நடத்துவது மாணவர் குழுவே என்னும் இடங்களில் மெஸ் ஒரு பயிற்சிக்களமாகிறது. முறை வைத்துக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி எடுத்து வரும் மாணவர், இராயக்கோட்டைத் தக்காளி விலை ஏறினால் ரசம் எப்படி மாறும் என்பதை அறிகிறார். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பேசும் மொழி எதுவானாலும் கேழ்வரகுக் களி உண்டு என்பதையும், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு அது தொண்டையில் இறங்காது என்பதையும் அறிகிறார். யுகாதிக்கு இனிப்பு செய்வதா, ரமலான் நோன்பு இருப்போருக்கு விடியலுக்கு முன் உணவு வைக்க யார் எழுந்திருப்பது, பொங்கலுக்கு ஊருக்குப் போகாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விகளை உட்கார்ந்து பேசித் தீர்க்கும் பதினெட்டு வயதினர், எந்தப் பாடத்திட்டமும் தராத ஒரு கல்வியைப் பெறுகின்றனர்.

ஆய்வுகள் சொல்வது

வேறுபட்ட பின்புலத்தார் ஒன்றாகப் பழகினால் முன்முடிவுகள் தளரும் என்னும் கருத்தை அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் கோட்பாடாக வகுத்தார். தொடர்புக் கோட்பாடு என்று அழைக்கத்தக்க இது, வெறுமனே அருகில் இருப்பது போதாது என்றும், சம நிலை, பொது நோக்கம், கூட்டு முயற்சி, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் அமைய வேண்டும் என்றும் கூறுகிறது. தொழிற்சாலை வாயிலிலோ பேருந்து நிலையத்திலோ இந்நான்கும் ஒருசேரக் கிடைப்பதில்லை. ஒரே கட்டணம் செலுத்தி, ஒரே தேர்வுக்குப் படித்து, ஒரே குழாயில் வாளி பிடிக்கும் விடுதி அறையில் நான்கும் இயல்பாகவே அமைகின்றன.

அறைத்தோழரின் தாக்கம் எவ்வளவு என்பதும் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் முதலாண்டு மாணவருக்கு அறைத்தோழர் தற்செயல் முறையில் ஒதுக்கப்பட்டதைப் பயன்படுத்திப் பொருளியலாளர் புரூஸ் சாசர்டோட் 2001இல் வெளியிட்ட ஆய்வு, அறைத்தோழரின் தாக்கம் மதிப்பெண்ணிலும் மாணவர் குழுக்களில் சேரும் முடிவிலும் தென்படுவதைக் காட்டியது. இன ஒதுக்கலின் வடு இன்னும் ஆறாத தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் பல்கலைக்கழக விடுதிகளைப் பற்றிய ஆய்வு, வேற்றினத்தாருடன் அறை பகிர்ந்த வெள்ளையின மாணவரிடம் கறுப்பினத்தார் பற்றிய முன்முடிவுகள் குறைந்ததையும், அவ்வாறு கலந்து தங்கிய கறுப்பின மாணவரின் தேர்ச்சி மேம்பட்டதையும் பதிவு செய்துள்ளது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2018இல், முதலாண்டு மாணவர் தம் அறைத்தோழரைத் தாமே தேர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்தி, ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது. சாதியும் மொழியும் சேர்ந்து மனிதரைப் பிரிக்கும் நம் சூழலில் இம்முறைக்கான தேவை அந்நாடுகளில் உள்ளதைவிடப் பெரிது.

தெரிந்த முகம் அருகில் இருந்தால் பிள்ளை அழாமல் இருக்கும், பாதுகாப்பாகவும் இருக்கும் என்ற பெற்றோரின் வாதம் உண்டு. ஆனால் முதல் பருவத்தின் தனிமை, புதியவரோடு பேசத் தொடங்கும்போதே கரைகிறது. ஊர்க்காரரோடு மட்டும் இருப்பவர் அந்தத் தனிமையை ஒத்திப்போடுகிறாரே தவிரக் கடப்பதில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை, அதற்குச் சட்டம் இருக்கிறது. பகடிவதைக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997 முதல் நடைமுறையில் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், முதலாண்டு மாணவரை இயன்ற வரை தனிக் கட்டடத் தொகுதியில் தங்கவைக்க வேண்டும் என்கின்றன. 1800-180-5522 என்னும் தேசிய உதவி எண்ணை மாணவர் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பது, பக்கத்து அறையில் உறவுக்காரப் பையன் இருப்பதைவிட உறுதியான காவல்.

கல்லூரிக்கு வெளியே வளரும் அறைகள்

விடுதியின் அறைப் பங்கீட்டைவிடக் கவலை தருவது, மாணவர் விடுதியைவிட்டே வெளியேறும் போக்கு. இவ்வட்டாரத்தில் மாணவருக்கு மூன்று வழிகள் உள்ளன: கல்லூரி அல்லது அரசு விடுதி, வீட்டிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்து போகும் டே ஸ்காலர் வாழ்க்கை, நகரில் பிஜி எனப்படும், கட்டிலுக்கு மாத வாடகை செலுத்தித் தங்கும் தனியார் அறை. பேருந்து மாணவரின் வளாக வாழ்க்கை மாலை வண்டி கிளம்பும்போதே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் நடக்கும் விளையாட்டு, விவாத மன்றம், நாடக ஒத்திகை எதிலும் அவருக்குப் பங்கில்லை. ஆயினும் அவர் வீட்டுக்காவது திரும்புகிறார். பிஜிக்குப் போகும் மாணவரோ வீட்டுக்கும் இல்லை, கல்லூரிக்கும் இல்லை.

ஓசூரின் பிஜிகள் தொழிற்சாலைகளுக்காகத் தோன்றியவை. மூக்கண்டப்பள்ளி, பாகலூர் சாலை, இராயக்கோட்டை சாலைப் பக்கங்களில் அறை எடுப்போரில் பெரும்பகுதி ஷிப்ட் தொழிலாளர்கள். ஒருவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மற்றவர் தூங்க வருவார் என்ற ஒழுங்கில் இயங்கும் அறைகள் அவை. இரண்டாம் ஆண்டில், விடுதிக் கட்டுப்பாடு பிடிக்காமலோ மெஸ் சாப்பாடு பிடிக்காமலோ நண்பர்கள் நால்வர் சேர்ந்து அத்தகைய அறைக்குப் போகின்றனர். அங்கே காப்பாளர் இல்லை, படிப்புக்கூடம் இல்லை, காய்ச்சல் வந்தால் ஆசிரியருக்குத் தகவல் சொல்ல ஆள் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அவர்கள் வயதையொத்த, ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்த, மாதம் பிறந்தால் கையில் சம்பளம் வாங்கும் இளைஞர். அவர் நல்லவர்; ஒப்பந்ததாரரிடம் சொல்லி நண்பனுக்கும் இரவு ஷிப்டில் இடம் வாங்கித் தர முன்வருபவர்.

மாணவரின் வீழ்ச்சி பெரும்பாலும் இந்த நல்லெண்ணத்திலிருந்தே தொடங்குகிறது. வீட்டுக்குச் சிறிது பணம் அனுப்பலாம், தங்கையின் கட்டணத்துக்கு உதவலாம் என்ற நேர்மையான எண்ணத்தோடு அவர் இரவு வேலைக்குப் போகிறார். விடியலில் ஷிப்ட் முடித்து, ஒன்பது மணி வகுப்பில் உட்கார்ந்தபடியே உறங்குகிறார். பிறகு முதல் இரண்டு வகுப்புகளை விடுகிறார். பிறகு வாரத்தில் இரு நாள்களை விடுகிறார். பொறியியல் படிப்பில் பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். அது குறைந்தால் தேர்வு எழுத முடியாது, அரியர் சேரும், சேர்ந்தால் வளாக நேர்காணலுக்குப் பெயர் போகாது. அதன் முடிவில், பொறியாளராக உள்ளே நுழைந்திருக்க வேண்டிய அதே தொழிற்சாலையில் அவர் நிரந்தரமில்லாத ஒப்பந்தக் கூலியாக நிற்கிறார். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேண்டியவருக்கு இது நேரும்போது, இழப்பு அவர் ஒருவரோடு நிற்பதில்லை.

இதில் சட்டத்தின் இடைவெளியும் உண்டு. பெண்களும் குழந்தைகளும் தங்கும் தனியார் விடுதிகள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் விதிக்கிறது. மகளைத் தனியார் விடுதியில் சேர்க்கும் பெற்றோர் அந்த உரிமத்தைக் காட்டும்படி கேட்பதற்கு எவ்விதத் தயக்கமும் தேவையில்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஆண்கள் தங்கும் அறைகளோ இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. ஆண்பிள்ளை எங்கேயும் சமாளித்துக்கொள்வான் என்ற பழைய நம்பிக்கையைச் சட்டமும் பகிர்ந்துகொள்வதுபோல் இருக்கிறது. சமாளிக்க முடியாமல் படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் எந்தப் பதிவேட்டிலும் அந்தக் காரணத்தோடு இடம்பெறுவதில்லை.

செய்யத்தக்கவை

மாணவர் விடுதியைவிட்டு வெளியேறக் காரணமாகும் குறைகளைச் சரிசெய்யும் கடமை கல்லூரிகளுடையது. மெஸ் கணக்கை மாணவர் குழுவின் பார்வைக்குத் திறந்துவைப்பதும், மாணவியர் விடுதிக்கு ஒரு நேரம், மாணவர் விடுதிக்கு ஒரு நேரம் என்று வாயில் மூடும் வழக்கத்தைக் கைவிட்டு இருபாலருக்கும் நியாயமான ஒரே நேரத்தை வைப்பதும், வார இறுதியில் வளாகம் வெறிச்சோடாதபடி விளையாட்டுத் திடலையும் நூலகத்தையும் திறந்துவைப்பதும் பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. வேலை செய்தே படிக்க வேண்டிய நிலையில் உள்ள மாணவருக்கு நூலகம், ஆய்வகம், மெஸ் அலுவலகம் ஆகியவற்றில் மாலை நேர ஊதியப் பணிகளைக் கல்லூரியே ஒதுக்கினால், இரவு ஷிப்டின் ஈர்ப்பு பாதியாகக் குறையும். வெளியில் தங்கும் ஒவ்வொரு மாணவரின் முகவரியையும் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் வைத்து, மாதம் ஒருமுறையாவது நேரில் சென்று பார்க்கும் ஏற்பாடும் இன்றியமையாதது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாண்டு அறைகளைக் குலுக்கல் முறையில், ஓர் அறையில் ஒரே மாவட்டத்தார் இருவர் சேராதபடி ஒதுக்க வேண்டும். யாருடைய பரிந்துரைக்கும் அதில் இடம் தரக் கூடாது. இரண்டாம் ஆண்டில் தோழரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை மாணவருக்குக் கொடுக்கலாம். ஓராண்டு பழகிய பிறகு செய்யும் அந்தத் தேர்வு, ஊர்ப்பெயரைக் கேட்டுச் செய்யும் தேர்வாக இருக்காது. சேர்க்கை வரிசையில் நிற்கும் பெற்றோர் தம் பிள்ளைக்கு ஊர்க்காரரைத் தேடாமல் இருந்தாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும். நான்கு மொழி பேசும் தொழிலாளரை நாளை ஒரே கூரையின் கீழ் வழிநடத்தப்போகும் பொறியாளருக்கும், நான்கு மொழி பேசும் நோயாளிகளின் வலியைக் கேட்டறியப்போகும் மருத்துவருக்கும், அந்தப் பாடத்தைக் கற்றுத்தர இவ்வட்டாரத்தில் விடுதி அறையைவிடச் சிறந்த இடம் வேறில்லை.